கும்பகோணம் வீட்டுக் குழு: கேமரா தெரியவில்லை

ரேவதி அத்தை: ஞாயிறு சுதா வளைகாப்புக்கு எல்லோரும் திருச்சி போய்விட்டால் வீடு பூட்டிக் கிடக்கும். பக்கத்துத் தெருவில் பூட்டை உடைத்தார்களாமே. கேமரா என் போனில் சுற்றிக்கொண்டே நிற்கிறது.

மீனா: எனக்கும்

பாபு: இங்கே வைஃபையில் வருகிறது. வெளியே போனால் இல்லை

மீனா: புது ஃபைபர் போட்டதிலிருந்துதான்

சேகர் சித்தப்பா: அப்படியென்றால் கேமரா நன்றாக இருக்கிறது. நேட், அதாவது ராவுட்டர் முகவரி மாற்றும் முறை, அதில்தான் பிரச்சினை. வீட்டுக்குள் எல்லாவற்றுக்கும் 192.168 என்று தொடங்கும் உள் முகவரி. வெளியே போகும்போது ராவுட்டர் அதைத் தன் முகவரியாக மாற்றி, யார் கேட்டது என்று குறித்துக்கொள்ளும். பதில் வந்தால் அதைப் பார்த்து உள்ளே அனுப்பும். வெளியிலிருந்து நாமாகக் கூப்பிட்டால் குறிப்பே இருக்காது, தள்ளிவிடும். அதற்காகத்தான் பழைய இணைப்பில் போர்ட் ஃபார்வர்டிங், அதாவது வெளியிலிருந்து வரும் அழைப்பை நேராகக் கேமராவுக்கு அனுப்பும் அமைப்பு, போட்டுக் கொடுத்தேன்.

பெரியப்பா: 👍

ரேவதி அத்தை: சேகர், புரிகிற மாதிரி சொல்

சேகர் சித்தப்பா: பாபு, புதுப் பெட்டிக்குப் பின்னால் பழைய ராவுட்டரும் ஓடுகிறதா?

பாபு: ஆமாம். மாடிக்கு. பெரியப்பா மாட்டச் சொன்னார்

பெரியப்பா: காசு கொடுத்து வாங்கியது. தூக்கியா எறிவது?

சேகர் சித்தப்பா: எறிய வேண்டாம் அண்ணா. இரண்டு பெட்டியும் முகவரி மாற்றுகிறது, இரட்டை நேட். பழையதை ஆக்சஸ் பாயிண்ட் மோடில் போட்டால் மாடிக்கு வைஃபை மட்டும் கொடுக்கும். பாபு, புதுப் பெட்டியில் வான் ஐபி, அதாவது அதன் வெளிப்பக்க முகவரி, என்ன என்றும் பார்.

பிரணவ்: சின்னத் தாத்தா, என் கேமிலும் நேட் ஸ்ட்ரிக்ட் என்று வருகிறது

ரேவதி அத்தை: நீ போய்ப் படி

மீனா: கலந்த சாதத்துக்குப் பெரிய அண்டா யாரிடம்?

பெரியம்மா: காதுகுத்துக்குக் கொடுத்தேன். இன்னும் வரவில்லை. யார் என்று சொல்லமாட்டேன்

ரேவதி அத்தை: நேராகவே கேளுங்கள் அண்ணி

பாபு: 100.72 என்று தொடங்குகிறது

சேகர் சித்தப்பா: போச்சு. 100.64 முதல் 100.127 வரை என்றால் சிஜிநேட், இணைய நிறுவனமே தன் பக்கம் போடும் நேட். பழைய வகை இணைய முகவரியான ஐபிவி4-க்குத் தட்டுப்பாடு, அதனால் ஒரே வெளி முகவரியை நிறுவனம் பல வீடுகளுக்குப் பங்கிடுகிறது. 2012-ல் இதற்கென்றே ஒதுக்கிய வரிசை அது. நாம் எத்தனை போர்ட் திறந்தாலும் அவர்கள் வாசலிலேயே நின்றுவிடும். நிலையான பொது ஐபி கேட்கலாம், தனிக் கட்டணம் வரும். இல்லையென்றால் கேமரா பதிவாகும் பெட்டியான டிவிஆரில் பி2பி போடு. டிவிஆரே உள்ளிருந்து அதைச் செய்த நிறுவனத்தின் சர்வரைக் கூப்பிட்டு வைத்திருக்கும், அதனால் நேட் மறிக்காது.

பெரியப்பா: கட்டணம் யார் தருவது? கேமரா பங்கே இன்னும் முழுதாக வரவில்லை

சேகர் சித்தப்பா: அண்ணா, அதைத் தனியாகப் பேசலாம்

பாபு: பி2பி-க்கு டிவிஆர் பாஸ்வேர்டு கேட்கிறது

ரேவதி அத்தை: மாப்பிள்ளைதானே போட்டார்

மீனா: டூட்டியில் இருக்கிறார். ராத்திரி கேட்கிறேன்

பாபு: பழைய ராவுட்டரை மாற்றிவிட்டேன்

பெரியப்பா: மாடியில் டிவி நின்றுவிட்டது. என்ன செய்தாய்?

சேகர் சித்தப்பா: பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒருமுறை அணைத்துப் போடுங்கள்

பெரியப்பா: முன்பு இருந்தபடியே வை. ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டில் சாவி கொடுத்துவிட்டு வருகிறேன்

பிரணவ்: தாத்தா வேண்டாம், இப்போது கேமில் நேட் ஸ்ட்ரிக்ட் போய் மாடரேட் காட்டுகிறது!!