மறு: கிரானுலோமேட்டஸ் மாஸ்டைட்டிஸ், தமிழில்? (அவசரம்)

மொழிபெயர்ப்பவர்:
நண்பர்களே, நோயாளிகளுக்கான கையேடு நாளை அச்சுக்குப் போகிறது. இந்த நோய் பாலூட்டும்போது வரும் வழக்கமான மார்பக அழற்சி அல்ல. 1972இல் தனியாக விவரிக்கப்பட்டது. பால்சுரப்பி நுண்மடல்களில் உயிரணுக்கள் குறுமணிகளாக (கிரானுலோமா) திரளும். சிலருக்கு அதற்குள் கோரினிபாக்டீரியம் குரோப்பென்ஸ்டெட்டி என்ற கிருமி இருக்கிறது. நோய்க்கும் கிருமிக்கும் பெயர் வேண்டும்.

புலவர் ஐயா:
முலையழற்சி என்றே எழுதுங்கள். சங்கப் புலவர்கள் கூசாத சொல். மார்பு ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. கிரானுலோமா, சிறுமணிக்கட்டி. கோரினி கிரேக்கத்தில் கதாயுதம், ஆகவே 'கதைக்கோலுயிரி'.

ஆசிரியர்:
ஐயா, மாணவர்கள் அதைக் கதை சொல்லும் உயிரி என்பார்கள். தவிர, கதை வடசொல். தண்டு என்றால் அதற்கும் தண்டத்துக்கும் என்ன உறவு என்று நீங்களே நாலு மடல் போடுவீர்கள். 'குறுந்தடியுயிரி'?

மருத்துவர்:
'கட்டி' வேண்டவே வேண்டாம். கைக்கும் ஸ்கேனுக்கும் இந்த நோய் புற்றுநோய் மாதிரியே தெரியும். திசு எடுத்துப் பார்த்துத்தான் பிரிக்கிறோம். பெயரிலேயே கட்டி என்றால் படிப்பவர் அதற்குமேல் படிக்கமாட்டார். இன்னொன்று, காசநோய்க் கிருமியும் மார்பகத்தில் குறுமணிகளை உண்டாக்கும், ஆனால் மருந்து வேறு. குறுமணி என்பது திசுவின் தோற்றம்தான், காரணம் அல்ல. அதனால் கிருமியை நோய்ப்பெயரில் ஒட்டாதீர்கள்.

கிருமியின் பெயரை ஒலிபெயர்த்தே விடுங்கள். அதற்கு வளரக் கொழுப்பு வேண்டும், வளர்ச்சியும் மெதுவு. வளர்ந்தாலும் தோலிலிருந்து ஒட்டிவந்த கிருமி என்று ஆய்வகம் ஒதுக்கிவிடக்கூடும். நோயாளி அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்க முடிய வேண்டும். குறுந்தடியை யாரிடம் போய்க் கேட்பார்?

புலவர் ஐயா:
அப்படியானால் ஆக்டினோமைசிஸ் என்ற கிருமி? அதுவும் அபூர்வமாக மார்பகத்தைத் தாக்கும், சீழில் மஞ்சள் மணிகள் வரும். கதிர்ப்பூஞ்சை என்கிறார்கள். அது பாக்டீரியா! கிரேக்கப் பெயரிலேயே பிழை. தமிழில் 'கதிரிழையுயிரி' என்று திருத்தலாமே.

மொழிபெயர்ப்பவர்:
ஐயா, அது கையேட்டிலேயே இல்லை.

ஆசிரியர்:
சரி, 'குறுமணி மார்பக அழற்சி'. கிருமிக்கு ஒலிபெயர்ப்பு. எனக்குச் சம்மதம்.

மருத்துவர்:
எனக்கும். அடுத்த நோயாளி காத்திருக்கிறார்.

புலவர் ஐயா:
'வடவெழுத்து ஒரீஇ', அதாவது வடவெழுத்தை நீக்கி, என்றார் தொல்காப்பியர். குரோப்பென்சுடெட்டி என்றாவது எழுதுங்கள்.

மொழிபெயர்ப்பவர்:
கோப்பு போய்விட்டது ஐயா, 'ஸ்' உடன்.

புலவர் ஐயா:
இரண்டாம் பதிப்பு வரும். முலை பற்றிய என் மறுப்பும் நிற்கட்டும்.