அட்டிக்கில் (கூரைக்கும் மேல்மாடிச் சீலிங்குக்கும் இடையிலுள்ள வெளியில்) வெப்பக்காப்பு போதவில்லை என்பதை எப்படி உறுதிசெய்வது, எதைத் தெரிவுசெய்வது?

வடலிநிழல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 1976 ஆம் ஆண்டு கட்டப்பட்ட இரண்டு மாடி வீடொன்றை இரண்டு வருடங்களுக்கு முன் வாங்கினோம். மேல்மாடியில் வடக்குப் பக்க அறையில் அம்மா படுக்கிறார். வீட்டைச் சூடாக்கும் பேர்னஸ் இரவு முழுவதும் ஓடிக்கொண்டிருந்தாலும் அந்த அறை மட்டும் சூடேறுவதில்லை. கடந்த மாதம் அவருடைய கட்டிலுக்கு நேர் மேலே, சீலிங்கும் வெளிச்சுவரும் சந்திக்கும் மூலையில், சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் படர்ந்திருப்பதைக் கண்டோம். துடைத்தோம், மூன்று வாரங்களில் அதே இடத்தில் மறுபடியும் வந்துவிட்டது.

வெளியே இன்னொன்றையும் கவனித்தேன். பனி கொட்டி மூன்று நாளாகியும் பக்கத்து வீட்டுக் கூரை வெள்ளையாகவே இருக்கிறது, எங்கள் கூரையிலோ இரண்டாம் நாளே நடுப்பகுதி கறுப்பாகத் தெரியத் தொடங்கி, கரையோரத்தில் மட்டும் பனி இறுகி, தண்ணீர்ப் பீலியிலிருந்து முழ நீளத்துக்கு ஈட்டி ஈட்டியாகப் பனிக்கட்டி தொங்குகிறது.

இரண்டு நிறுவனங்களை அழைத்துக் கேட்டேன். ஒருவர் கூரைப் பலகையின் அடிப்பக்கம் முழுவதும் ஸ்பிரே ஃபோம் (தெளித்ததும் நுரைத்து இறுகும் காப்பு) அடிக்க வேண்டும் என்றார். மற்றவர் இப்போது இருப்பதற்கு மேலேயே அரைத்த காகிதமான செலுலோஸைத் தூவி ஆர்-60 அளவுக்குக் (ஆர் எண் கூடக் கூட வெப்பத்தைத் தடுப்பது கூடும்) கொண்டுவரலாம் என்றார். முதலாமவர் கேட்ட தொகை இரண்டாமவர் கேட்டதைப் போல மூன்று மடங்கு. இருவரும் அட்டிக்குக்குள் ஏறிப் பார்க்கவில்லை. அம்மாவுக்கு மூச்சிழுப்பு இருப்பதால் இந்த விடயத்தில் பிழைவிட நான் விரும்பவில்லை. குறை உண்மையிலேயே வெப்பக்காப்பில்தான் இருக்கிறதா, அப்படியானால் எதை இடுவது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லி உதவ வேண்டும்.

ஏணிப்படி எழுதியது:

வணக்கம் தம்பி. இந்தத் தொழிலில் ரொறன்ரோவிலும் மார்க்கம் நகரிலும் பதினொரு வருடங்கள் வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் சொன்ன மூன்று அறிகுறிகளுக்கும் ஒரே காரணம் இருக்கக்கூடும். வீட்டின் வெப்பம் சீலிங்கைக் கடந்து அட்டிக்குக்குள் ஏறுகிறது. அது கூரையின் நடுப்பகுதியைச் சூடாக்கிப் பனியை உருக்குகிறது. உருகிய நீர் கீழே வழிந்து, சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குளிர்ந்த கரைக்கு வந்ததும் மறுபடி உறைகிறது. அந்தப் பனி அணை வளர வளர அதன் பின்னால் தேங்கும் நீர் கூரையை மூடும் ஷிங்கிள் தகடுகளுக்கு அடியால் உள்ளே நுழையும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் சீலிங்கில் கறை கண்டு கூரை முழுவதையும் மாற்றியது. அடுத்த தை மாதமே கறை திரும்பி வந்தது, ஏனென்றால் கூரையில் எந்தக் குறையும் இருக்கவில்லை.

வெப்பம் இரண்டு வழிகளில் போகிறது என்பதைப் பிரித்து விளங்கிக்கொள்ளுங்கள். ஒன்று, சீலிங் பலகையைக் கடந்து மெதுவாகக் கசிவது. அதைத் தடுப்பதுதான் வெப்பக்காப்பின் வேலை. மற்றையது, துளைகளாலும் வெடிப்புகளாலும் சூடான காற்றே மேலேறிப் போவது. அதை கண்ணாடி நாரும் செலுலோஸும் தாமாக நிறுத்துவதில்லை. குளிர்காலத்தில் வீடு ஒரு புகைபோக்கியைப் போல இயங்குகிறது. கீழே பேஸ்மன்டால் குளிர்காற்றை இழுத்து, மேலே அட்டிக் வழியாகச் சூடான காற்றைத் தள்ளுகிறது. அந்தக் காற்றோடு சோறு வடித்த ஆவியும், இடியப்பம் அவித்த ஆவியும், குளித்த ஈரமும் சேர்ந்தே மேலே போகின்றன.

எனவே மிகவும் குளிரான ஒரு காலையில் நீங்களே ஒருமுறை ஏறிப் பாருங்கள். முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, மரச் சட்டத்தின் மேல் மட்டும் காலூன்றுங்கள். இடையில் இருப்பது ட்ரைவால் எனும் மெல்லிய ஜிப்சம் பலகை மட்டுமே, உங்கள் பாரத்தைத் தாங்காது. கூரைப் பலகையைத் துளைத்துக்கொண்டு நிற்கும் ஆணி முனைகளில் உறைபனி பூத்திருந்தால் வீட்டுக் காற்று அங்கே வருகிறது என்று உறுதியாகச் சொல்லலாம். அடுத்து, பழைய கண்ணாடி நார்ப் பாய்களில் கறுப்புத் திட்டுகளைத் தேடுங்கள். அது பூஞ்சணமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பல வருடங்களாக ஊடே போன காற்றிலிருந்த தூசியை அந்த நார் வடிகட்டிப் பிடித்த கறை அது. அந்த இடத்தில் பாயைத் தூக்கினால் அடியில் ஒரு வயர்த் துளையோ, கழிவுக் குழாயைச் சுற்றிய இடைவெளியோ, சுவரின் மேற்கட்டைக்கும் ட்ரைவாலுக்கும் இடையிலான நீண்ட கீறலோ இருக்கும்.

மேலே ஏற முடியாவிட்டாலும் ஒரு சோதனை உண்டு. யன்னல்களை எல்லாம் பூட்டி, சமையலறை மின்விசிறியையும் குளியலறை மின்விசிறிகளையும் ஒன்றாக ஓடவிட்டு, அட்டிக் கதவின் விளிம்பிலும் சீலிங்கில் பதித்த பொட் லைட்டுகளின் ஓரத்திலும் ஒரு ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை கலையாமல் நேராக எழுந்தால் நல்லது. ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டால் அங்கே ஓட்டை இருக்கிறது. இதையே அளந்து சொல்ல வேண்டுமானால், பதிவுபெற்ற எரிசக்தி ஆலோசகர் வாசலில் பெரிய விசிறியைப் பொருத்தி, வீட்டுக்குள் அழுத்தத்தை 50 பாஸ்கல் குறைத்துச் சோதிப்பார். மானியத் திட்டம் எதற்காவது விண்ணப்பிக்க எண்ணினால், அந்தச் சோதனையை வேலைக்கு முன்பே செய்துவிட வேண்டுமா என்று முதலில் விசாரியுங்கள். 2021 இல் தொடங்கிய கூட்டாட்சி அரசின் மானியத் திட்டம் அப்படித்தான் கேட்டது. அது 2024 இலேயே புதிய விண்ணப்பங்களை நிறுத்திவிட்டது. இப்போது நடைமுறையில் இருப்பதன் விதிகளைப் படித்துவிட்டே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள்.

ஸ்பிரே ஃபோம் பற்றி என் கருத்தைத் திறந்தே சொல்கிறேன். கூரைப் பலகையின் அடியில் அடிப்பது, அட்டிக்கை வீட்டின் சூடான பகுதியாக மாற்றும் வேலை. மேலே படுக்கையறை இருந்தாலோ, பேர்னஸ் குழாய்கள் அங்கே ஓடினாலோ அதற்கு நியாயம் உண்டு. யாரும் புழங்காத, காற்றோட்டத்துக்கென்றே கட்டப்பட்ட அட்டிக்குக்கு அது தேவையற்ற செலவு. உங்கள் அட்டிக் குளிராகவே இருக்கட்டும். வீடுதான் சூடாக இருக்க வேண்டும்.

பனைமரக்காடு எழுதியது:

அண்ணா சொன்னவற்றை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 1976 என்று படித்தவுடன் ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மேலே ஏறும்போது, முதலில் கதவைத் திறந்து டோர்ச் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, பிறகுதான் உள்ளே காலை வையுங்கள். சாம்பலும் பழுப்பும் கலந்த நிறத்தில், மினுமினுப்பான சிறு கற்களைப் போல, ஒவ்வொன்றும் தாள் மடித்தது போன்ற அடுக்குகளோடு கொட்டிக் கிடந்தால் அது வெர்மிகுலைட் என்ற பழைய கனிமக் காப்பு. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் லிபி என்ற ஊரின் சுரங்கத்திலிருந்து வந்து, சோனோலைட் என்ற பெயரில் கனடாவிலும் விற்கப்பட்டதில், மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது. அந்தச் சுரங்கம் 1990 இல் மூடப்பட்டாலும், அது விற்ற பொருள் இன்றும் பல வீடுகளின் தலைக்கு மேலே கிடக்கிறது. கண்டால் தொடாமல், கிளறாமல், கதவை மூடிவிட்டு, அஸ்பெஸ்டஸ் அகற்றும் தகுதி பெற்றவர்களை அழையுங்கள். அம்மாவுக்கு மூச்சிழுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே இதில் இரண்டாம் யோசனையே வேண்டாம்.

இன்னொன்று மின்சாரம் தொடர்பானது. 1960களின் நடுப்பகுதியிலிருந்து 1970கள் முடியும் வரை கட்டிய வீடுகள் சிலவற்றில் அலுமினிய வயர்கள் உண்டு, அவற்றின் இணைப்புகள் தளர்ந்து சூடேறக்கூடும். இணைப்புப் பெட்டிகளை இரண்டடி நாருக்கு அடியில் புதைப்பதற்கு முன் மின் ஒப்பந்தக்காரர் ஒருவர் பார்த்துவிட்டுப் போகட்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் மேலே ஒரு அடையாளக் குச்சியையும் நட்டுவிடுங்கள். புகைபோக்கிக் குழாயை ஒட்டி எதையும் தூவக்கூடாது, அதைச் சுற்றித் தகர வளையம் வேண்டும்.

அளவுகோல் எழுதியது:

செலுலோஸா கண்ணாடி நாரா என்பதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நான் கட்டட வரைபடத் துறையில் இருப்பவள், கணக்கோடு சொல்கிறேன்.

மேல்மாடிச் சீலிங் 1000 சதுர அடி என்று வையுங்கள். உள்ளே 21 பாகை செல்சியஸ், வெளியே மறை (மைனஸ்) 9 பாகை. இப்போது ஆர்-12 இருந்தால் சீலிங் வழியாக மட்டும் ஏறக்குறைய 1320 வாட் இடையறாது வெளியேறும். ஆர்-40 ஆக்கினால் அது 400 வாட்டாகக் குறையும், ஆர்-60 ஆக்கினால் 260 வாட். முதல் பாய்ச்சலில் 900 வாட்டுக்கு மேல் மிச்சம், அடுத்த ஆர்-20 இல் 140 வாட்தான். ஒன்ராறியோவில் புதிய வீடுகளுக்கு ஆர்-60 வழக்கமான அளவு என்பதாலும், இயந்திரத்தோடு ஆட்கள் வந்த பிறகு கூடுதலாகச் செலவாவது பெரும்பாலும் மூட்டைகளின் விலையே என்பதாலும், ஆர்-60 வரை போவது சரியானது. ஆனால் பணம் போதாவிட்டால் அந்தக் கடைசி ஆர்-20 ஐக் குறையுங்கள், ஓட்டை அடைக்கும் வேலையைக் குறைக்காதீர்கள். மேலே சொன்ன கணக்கில் காற்றோடு போகும் வெப்பம் சேரவேயில்லை.

செலுலோஸ் அங்குலத்துக்கு ஆர்-3.6 அளவு தரும். பழைய செய்தித்தாளை அரைத்து, தீப்பிடிக்காதிருக்க போரேட் சேர்த்துச் செய்வது. நெருக்கமாகப் படிவதால் காற்று அதற்குள் புழங்குவது குறைவு. பொதுவாக எனக்கு விருப்பமானது அதுதான். ஆயினும் உங்கள் வீட்டுக்குத் தயங்குகிறேன். ஆர்-12 ஐ ஆர்-60 ஆக்க, ஆர்-48 சேர்க்க 13, 14 அங்குலம் வேண்டும். அந்த ஆழத்தில் அது சதுர அடிக்கு ஏறக்குறைய 2 இறாத்தல் எடை வரும். மரச் சட்டங்கள் 24 அங்குல இடைவெளியிலும், சீலிங் பலகை சாதாரண அரை அங்குல ட்ரைவாலாகவும் இருந்தால், அதற்குப் பரிந்துரைக்கப்படும் பாரம் 1.3 இறாத்தல் மட்டுமே. சில வருடங்களில் சட்டங்களுக்கு இடையே சீலிங் தொய்ந்து தெரியும். தூவும் கண்ணாடி நார் அங்குலத்துக்கு ஆர்-2.5 அளவே தருவதால் 19 அங்குலம் போட வேண்டியிருக்கும், ஆனால் எடை ஏறக்குறைய பாதிதான். அட்டிக் கதவின் வெட்டு விளிம்பில் ஒரு அடிமட்டத்தை வைத்தால் ட்ரைவாலின் தடிப்பு தெரிந்துவிடும். அதை அளக்காமல் பொருளைத் தெரிவுசெய்ய வேண்டாம்.

அம்மாவின் அறை மூலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய ட்ரஸ்களில் (கூரையைத் தாங்கும் மரச் சட்டகங்களில்) கூரை வெளிச்சுவருக்கு மேலே தாழ்ந்து, நான்கைந்து அங்குலத்துக்குக் குறுகிவிடும். அங்கே வெப்பக்காப்பு மெலிவதால் கீழே மூலை குளிர்ந்து, அறைக் காற்றின் ஈரம் அதில் படிந்து பூஞ்சணமாகிறது. நடுவில் எவ்வளவு உயரம் தூவினாலும் அந்த ஓரம் சரிவராது. அந்த வரிசையில் மட்டும், குறைந்த தடிப்பில் கூடிய தடை தரும் மூடிய கல ஸ்பிரே ஃபோமை, அதாவது அங்குலத்துக்கு ஆர்-6 தருவதை, அடிப்பது நல்ல செலவு. அதற்கு மேலே, கூரைப் பலகைக்கும் காப்புக்கும் இடையில் 63 மில்லிமீற்றர் காற்றுப் பாதை விடும் தடுப்புத் தட்டுகள் ஒவ்வொரு இடைவெளியிலும் இருக்க வேண்டும். காற்றோட்டத் துவாரங்களின் மொத்தப் பரப்பு சீலிங் பரப்பில் 300 இல் ஒரு பங்குக்குக் குறையாதிருக்க வேண்டும் என்பது விதி. உங்களுக்கு அது 480 சதுர அங்குலம் வரும். வெளியே நின்று பார்த்தால் கூரை விளிம்பின் அடிப்பக்கத்தை மூடும் அலுமினிய சொஃபிட்டில் துளைகள் தெரியும், அதை நம்பிவிடாதீர்கள். பழைய மரப் பலகையை வெட்டாமல் அதன் மேலேயே அலுமினியத்தைப் பொருத்திவிட்டுப் போன வீடுகள் இந்தப் பகுதியில் ஏராளம்.

வடலிநிழல் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சனிக்கிழமை காலை வெளியே மறை 14 பாகையாக இருந்தபோது மேலே ஏறினேன். வெர்மிகுலைட் இல்லை, மஞ்சள் நிறக் கண்ணாடி நார்ப் பாய், நான்கு அங்குலம். டோர்ச்சை மேலே பிடித்ததும் வரிசை வரிசையாக ஒவ்வொரு ஆணி முனையிலும் உப்புப் பரல் போல உறைபனி. கழிவுக் குழாயைச் சுற்றியிருந்த பாய் கரி பூசியது போலக் கறுத்திருந்தது; தூக்கினால் என் கை நுழையும் அளவுக்கு இடைவெளி, அதனூடாகக் குளியலறைச் சுவருக்குள்ளிருந்து சூடான காற்று முகத்தில் அடித்தது. குளியலறை மின்விசிறியின் குழாய் வெளியே போகவேயில்லை, அம்மாவின் அறைக்கு மேலே பாயின் மீது வெறுமனே கிடக்கிறது. அதைப் பார்த்தபோது மிகவும் வேதனையாக இருந்தது. இரண்டு வருடங்களாக நாங்கள் குளித்த ஈரம் முழுவதையும் அங்கேயே கொட்டியிருக்கிறோம்.

சட்டங்கள் 24 அங்குல இடைவெளி, ட்ரைவால் அரை அங்குலம். சொஃபிட்டில் ஒரு தகட்டைக் கழற்றிப் பார்த்தேன், அக்கா சொன்னபடியே உள்ளே பழைய பலகை வெட்டப்படாமல் இருக்கிறது. ஆகவே ஓட்டைகளை அடைத்து, சொஃபிட்டைத் திறந்து, ஓரங்களுக்கு மட்டும் ஃபோம் அடித்து, மீதிக்குக் கண்ணாடி நார் தூவுவதென்று முடிவுசெய்திருக்கிறேன். இந்த ஒழுங்கில் எழுத்தில் விலை தரும்படி வேறொரு நிறுவனத்தைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் ஏறிப் பார்த்துவிட்டே விலை சொல்வார்களாம். அம்மாவை அதுவரை தெற்குப் பக்க அறைக்கு மாற்றிவிட்டோம். ஒரு சந்தேகம்: மின்விசிறிக் குழாயை அருகிலிருக்கும் சொஃபிட் வழியாக வெளியே விடலாமா?

ஏணிப்படி எழுதியது:

வேண்டாம் தம்பி. சொஃபிட்டால் வெளியேறும் ஈரக்காற்றை பக்கத்துத் துவாரங்களே மறுபடி அட்டிக்குக்குள் இழுத்துக்கொள்ளும். கூரையில் தனி மூடி வைத்தோ, பக்கச் சுவரைத் துளைத்தோ வெளியே விடுங்கள். காப்புச் சுற்றிய குழாயாக வாங்கி, இயன்றவரை குறுகிய, நேரான வழியில் கொண்டுபோய், இணைப்புகளை அலுமினிய நாடாவால் ஒட்டுங்கள். சாதாரண சாம்பல் நிற நாடா குளிரில் கழன்றுவிடும். தூவல் முடிந்த அன்று, ட்ரஸ்களில் பொருத்திய ஆழ அளவுத் தாள்களைப் படம் எடுத்து, வெறும் மூட்டைகளை எண்ணி, மூட்டையில் அச்சிட்டிருக்கும் அட்டவணையோடு ஒப்பிட்ட பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள். குழாய் வேலையை மட்டும் இந்த வாரமே செய்துவிடுங்கள், அது மற்றவற்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.