கடவுள் இருக்கலாம், கோயில் வேண்டாம் என்கிறேன். பிழையா?

கல்லடிப் பொடியன்: வயது 16. இலங்கையில், மட்டக்களப்பில் சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகிறேன். சைவ வீடு. இந்த உலகத்துக்குப் பின்னால் ஏதோ ஒன்று இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஆனால் பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்தால்தான் அதற்குக் கேட்கும் என்பதை நம்ப முடியவில்லை. 2004 ஆழிப்பேரலையில் என் பெரியம்மாவும் பிள்ளையும் போய்விட்டார்கள். நான் பிறக்க முந்தி. போன வருசம் திவசத்துக்கு வந்த ஒருவர், அது ஊர் செய்த பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்றார். அம்மா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தா. அன்றிலிருந்து நான் கோயிலுக்குப் போவதில்லை. அம்மா அழுகிறா.

மண்டூரான்: தம்பி, அப்படிச் சொன்னவர் சொன்னது பெரும் பிழை. அதற்காகக் கோயிலை விடலாமா? கடல் வந்த அன்று சனம் எங்கே ஓடியது? கோயிலுக்கு, தேவாலயத்துக்கு, பள்ளிவாசலுக்கு. அங்கேதான் கிடாரத்தில் சோறு வெந்தது. நீர் தனியாக மனதுக்குள் வைத்திருக்கும் கடவுள் யாருக்குச் சோறு போடும்?

பௌதிக வாத்தியார்: சோறு போட்டது மனிசர். பாடசாலைகளிலும்தான் சனம் தங்கியது, அங்கேயும் சோறு வெந்தது. சுமாத்திராவுக்குப் பக்கத்தில் கடலடித் தட்டு நழுவி ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் அலை எங்கள் கரைக்கு வந்தது. உள்ளே போக அந்த நேரம் போதும். சொல்ல ஆளில்லை, இந்து சமுத்திரத்துக்கு எச்சரிக்கை ஏற்பாடு அப்போது இல்லை. தண்டனை என்று நம்பியவன் அந்த ஏற்பாட்டைக் கேட்டிருக்கவே மாட்டான். என் கோபம் அதில்தான். பாண்டிருப்புத் தீமிதிப்பும் அப்படித்தான்: தணலின் வெப்பக் கடத்தாறு, அதாவது வெப்பத்தைக் கடத்தும் தன்மை, குறைவு, பாதம் படும் நேரமும் கொஞ்சம். அற்புதம் தேவையில்லை.

ஆனால் தம்பி, உம்மிடமும் ஒரு கேள்வி. அந்த ‘ஏதோ ஒன்றுக்கு’ என்ன சான்று?

காரைதீவு அக்கா: சேர், என் அம்மா திரௌபதை அம்மனுக்குத் தீ மிதித்தவ. அண்ணன் காணாமல் போன காலம். விரதம் இருந்து, மஞ்சள் பூசி, வேப்பிலையோடு நின்ற அந்த முகத்தை நான் பார்த்தேன். அண்ணன் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் அம்மா ஒழுங்காகச் சாப்பிட்டா. கடத்தாறு சரியாகத்தான் இருக்கும், அது என் அம்மாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே.

எங்கள் ஊரில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் படிப்பித்தவர். துறவியான பிறகுதான் பழைய யாழின் சுருதிகளைக் கணக்குப் போட்டு 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். இரண்டும் ஒரே தலைக்குள் இருந்தன.

பௌதிக வாத்தியார்: தங்கச்சி, உங்கள் அம்மாவுக்கு அது தந்த ஆறுதலை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆளைக் காட்டி முடிவுக்கு வர முடியாது. 1979இல் பௌதிகவியல் நோபல் பெற்ற அப்துஸ் சலாம் பக்தியுள்ள முஸ்லிம். 1983இல் பெற்ற சந்திரசேகர் தன்னை நாத்திகர் என்றவர். கணக்கு இருவருக்கும் ஒன்றுதான்.

கல்லடிப் பொடியன்: சேர், என்னிடம் சான்று இல்லை. இரவில் கல்லடிக் கடற்கரையில் நிற்கும்போது அப்படித் தோன்றுகிறது, அவ்வளவுதான். அதனால் அதை யாருக்கும் போதிக்கவும் மாட்டேன். ஆனால் சமயம் கட்டாயப் பாடம். நம்பாததைச் சைவநெறித் தாளில் எழுதித்தான் ஆகவேண்டும். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனைச் சுதந்திரமும் மனச்சாட்சிச் சுதந்திரமும் எல்லாருக்கும் உண்டு என்கிறது. 16 வயதுக்காரன் அதில் சேர்த்தியில்லையா?

மண்டூரான்: சேர்த்திதான். தேவாரத்தின் பொருளை எழுதச் சொல்கிறார்கள், நம்பு என்று யாரும் சத்தியம் வாங்கவில்லை. படியும். ஆனால் அம்மாவைத் தனியே விடாதேயும். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிப் போம்.

கல்லடிப் பொடியன்: கூட்டிப் போவேன் ஐயா. சனத்துக்குள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். தீர்த்தம் ஆடமாட்டேன். பெரியம்மா யாருடைய பாவத்துக்காகவும் சாகவில்லை என்று அம்மாவிடம் சொல்லப்போகிறேன்.

மண்டூரான்: அதைக் கட்டாயம் சொல்லும். தீர்த்தம் ஆடாமல் கரையில் நிற்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

காரைதீவு அக்கா: நிற்கட்டும் ஐயா. அம்மாவோடுதானே நிற்கிறான்.