புரோட்டோசெல்: 'ஆதி உயிரணு' பொருந்துமா?

வணக்கம்.

உயிரணுக்கள் தோன்றுமுன் இருந்திருக்கக்கூடிய எளிய படலப் பையே புரோட்டோசெல் (protocell). அதற்குத் தமிழில் 'ஆதி உயிரணு' என்று சொல்லலாம் என்கிறார்கள். காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குள் உயிர் உண்டா என்பதே கேள்வியாக இருக்கையில், பெயரிலேயே 'உயிர்' என்று போட்டுவிட்டால் எப்படி?

முதலில் பொருளைப் பார்ப்போம். கொழுப்பு அமில மூலக்கூறின் தலை நீரை நாடும், வால் நீரை விலக்கும். நீரில் போதிய அளவு சேர்ந்ததும் வால்கள் உட்புறம் ஒதுங்கி, இரண்டடுக்குப் படலமாகி, தானாகவே உருண்டையாக மூடிக்கொள்ளும். நொதி வேண்டாம், மரபணுவும் வேண்டாம். 1969இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லிலிருந்து ஆய்வாளர் டேவிட் டீமர் பிரித்தெடுத்த பொருள்கள்கூட நீரில் இப்படிப் பைகளாயின. உயிரின் தோற்றத்தை ஆராயும் ஜாக் சோஸ்டாக் ஆய்வகத்தின் 2009ஆம் ஆண்டுச் சோதனை இன்னும் சுவையானது. பல அடுக்குப் பைகளுக்கு மேலும் கொழுப்பு அமிலம் கொடுத்தார்கள். பை முதலில் மெல்லிய வால் ஒன்றை விட்டது, அப்புறம் முழுவதுமே நீண்ட இழையாகிவிட்டது. லேசாக அசைத்ததும் இழை துண்டுபட்டு, உள்ளிருந்ததைச் சிந்தாமல் குட்டிப் பைகளானது. வளர்ச்சி உண்டு, பிரிதல் உண்டு. இதை உயிர் என்று யாரும் சொல்லவில்லை.

ஆகவே என் பரிந்துரை 'முன்கலம்'. இலங்கைப் பாடநூல்களில் செல்லுக்குக் கலம் என்பதே வழக்கு. ஏந்தி வைக்கும் பாத்திரமும் கலம்தான். முன்கை, முன்பல் போல இடத்தைக் குறிக்காதா என்று கேட்கலாம். முன்வரைவு என்றால் யாரும் குழம்புவதில்லையே. 'முன்கலப் படலம்' என்று நீட்டவும் வசதி.

'முதற்கலம்' வேண்டாம். பாக்டீரியாவின் சவ்வில் கொழுப்பு அமிலங்கள் எஸ்டர் பிணைப்பால் கிளிசராலோடு சேர்கின்றன; பாக்டீரியாபோல் தோன்றினாலும் தனி இனமான ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களிலோ கொழுப்பு அமிலங்களுக்குப் பதில் ஐசோபிரீன் சங்கிலிகள், எஸ்டருக்குப் பதில் ஈதர் என்ற வேறு வேதிப் பிணைப்பு. இரண்டின் கிளிசரால் பாஸ்பேட்டும் ஒன்றுக்கொன்று ஆடிப்பிம்பம். இவற்றின் பொது மூதாதைக்கு எந்த மாதிரிச் சவ்வு இருந்தது என்பது இன்னும் தீராத வழக்கு. 'முதல்' என்றால் எல்லாம் ஒரே தடவையில், ஒரே வகையாகத் தொடங்கியதுபோல் ஒலிக்கும்.

இன்னொன்று. மேலே சொன்ன படலப் பைகளுக்கு ஆங்கிலத்தில் வெசிக்கிள் (vesicle) என்று பெயர்; அதை 'நுண்குமிழ்' என்று எழுதிவருகிறோம். குமிழ் என்றால் உள்ளே காற்று என்றல்லவா தோன்றும்? இதற்குள் இருப்பது நீர். கருப்பை, பித்தப்பை வரிசையில் 'நுண்பை' என்றால் போதாதா? முன்கலத்தைவிட இதற்குத்தான் எதிர்ப்பு அதிகம் வரும் என்று தெரியும். நுண்குமிழ் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.