லயத்துக்கு மேலே மண்சரிவு அபாயம்: மழையை நாமே அளந்து வெளியேறலாமா?

மலைச்சாரல்:
வணக்கம். பதுளைப் பக்கம் தோட்டம், ஒரே சரிவில் லயங்களாக (தொழிலாளர் வரிசை வீடுகளாக) 24 வீடுகள். வானொலி எச்சரிக்கை மாவட்டத்துக்கே பொதுவாக வருகிறது. பக்கத்து மலையில் கொட்டும்போது இங்கே தூறல்தான். சில நாள் நேர்மாறு. போத்தலில் மழைமானி செய்து இளைஞர் கழகத்தாரே அளந்தால் சரிவருமா? எத்தனை மில்லிமீற்றரில் ஆட்களை எழுப்புவது?

குறிஞ்சி:
தாராளமாகச் செய்யலாம். வரிவரியாக இல்லாத, பக்கம் நேரான 1.5 லீற்றர் போத்தலை எடுங்கள். தோளுக்குக் கீழே வெட்டி, மேல்துண்டைக் கவிழ்த்துப் புனலாகச் செருகுங்கள். அடியில் கூழாங்கல் போட்டு, கல் மூழ்கி நேர்ப்பகுதி தொடங்கும் வரை தண்ணீர் விடுங்கள். அந்த மட்டம்தான் பூச்சியம். அங்கிருந்து அடிமட்டத்தால் அளந்து கோடு போடுங்கள்.

பெரிய புனல் வைக்காதீர்கள். வாய் இரண்டு மடங்கு அகன்றால் அளவு நான்கு மடங்காகக் காட்டும். கூரை, சவுக்கு மரம் எதுவானாலும் அதன் உயரத்தைப் போல இரு மடங்கு தள்ளி வையுங்கள். தினமும் காலை 8.30க்குக் கண்மட்டத்தில் பார்த்து எழுதி, பூச்சியத்துக்கு இறக்குங்கள். கனமழையில் மணிக்கொரு தடவை பாருங்கள். நிரம்பும் முன் இறக்கினால் அந்த அளவையும் கூட்ட வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்.

மண்சரிவு எச்சரிக்கை விடும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகள்: 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. என்றால் விழிப்பு, 100 என்றால் தயார்நிலை. 150ஐத் தொட்டாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ வெளியேற வேண்டும்.

கான்கரை:
அளவை மட்டும் நம்பி இருக்காதீர்கள். புதிய ஊற்று கிளம்புவது, தெளிந்த ஊற்று கலங்குவது அல்லது திடீரென வற்றுவது, கதவு இறுகுவது, மரம் சாய்வது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 20 மி.மீ.இலேயே வெளியேறுங்கள்.

நிலத்தில் வெடிப்பு இருந்தால் இரு கரையிலும் ஒவ்வொரு முளை அடித்து, தலையில் ஆணி வைத்து, ஆணிக்கு ஆணி நாடாவால் அளந்து எழுதுங்கள். இடைவெளி கூடினால் நிலம் நகர்கிறது. பிறகு வெடிப்பைக் களிமண்ணால் இறுக்கி மூடுங்கள், மழைநீர் உள்ளே போகக்கூடாது. லயத்துக்கு மேலுள்ள கான் (வடிகால்) அடைபட்டால் தண்ணீர் முழுக்கச் சரிவுக்குள்தான் இறங்கும். மழைக்கு முன்பே வாரிவிடுங்கள்.

மலைச்சாரல்:
இரவில் கரண்ட் போனால் எப்படி அறிவிப்பது? எங்கே போவது?

குறிஞ்சி:
ஒலிபெருக்கியை நம்பாமல் கோயில் மணியை வையுங்கள். ஆறு வீட்டுக்கு ஒருவர் கதவு தட்ட வேண்டும்; முதலில் முதியவர், கர்ப்பிணி, கைக்குழந்தை உள்ள வீடுகள். பாதை ஓடையைக் கடக்காமல், சரிவுக்குப் பக்கவாட்டாகப் போகட்டும்.

நம் மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள், ஆனாலும் 2014 ஒக்டோபர் 29 அன்று லயங்கள் புதைந்தன. போக்கிடம் இல்லாதவரிடம் வெறும் எச்சரிக்கையைக் கொடுத்துவிட்டு ‘சொன்னோமே’ என்பது நியாயமில்லை. ஆகவே எந்தப் பாடசாலை, சாவி யாரிடம் என்பதைக் கிராம அலுவலரோடும் தோட்ட நிர்வாகத்தோடும் இப்போதே எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். சாவியில் ஒன்று லயத்திலேயே இருக்கட்டும். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117இல் அழையுங்கள். மழை விட்டதும் திரும்பிவிடாதீர்கள், ஊறிய மண் பிறகும் சரியும். கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து பார்த்துச் சொன்ன பிறகே வீட்டுக்குப் போங்கள்.