ஃபோக்ஸ்வேகன் டி5 வேன் பாப்-அப் கூரை: தூக்குனா பாதியில நிக்குது, மூடுனா ஒரு பக்கம் வாயப் பொளக்குது. உதவி பண்ணுங்க

மழைவண்டி:

எல்லாருக்கும் வணக்கம், இங்க முதல் தடவ கேக்குறேன், கொஞ்சம் நீளமாப் போகும் பொறுத்துக்கோங்க. நாங்க இருக்குறது இங்கிலாந்துல ரெடிங் பக்கம். போன செப்டம்பர்ல 2012 மாடல் டி5 ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல எடுத்தோம், சரக்கு வேனா இருந்தத யாரோ கேம்பரா, அதாவது உள்ளயே படுத்துத் தூங்குற வண்டியா மாத்தி, மேல பாப்-அப் கூரை வச்சிருக்காங்க, வண்டிய நிறுத்துனதும் மேல தூக்கிக்கிற கூரை. மோட்டார்லாம் கிடையாது, கையாலதான் தூக்கணும். பின்பக்கம் கீல், முன்பக்கம் எழும்பும், ரெண்டு சைடும் கார் டிக்கில இருக்குமே அந்த மாதிரி கேஸ் அடைச்ச தூக்குக் கம்பி (கேஸ் ஸ்ட்ரட்), சுத்தி கேன்வாஸ் துணி. வித்தவரு ஒத்தக் கையால தூக்கிக் காட்டுனாரு, நல்ல வெயில் நாள் வேற, நானும் ஆஹான்னு வாங்கிட்டேன்.

ஈஸ்டர் லீவுக்கு ஸ்காட்லாந்து கிளென்கோ போனோம். போய்ச் சேர்ந்தப்ப இருட்டிடுச்சு, வெளிய 2 டிகிரி. கொக்கிய கழட்டிட்டு தள்ளுறேன், பாதிக்கு மேல போக மாட்டேங்குது, தோள குடுத்து ஏத்துனா கைய விட்டதும் மெதுவா எறங்குது, அதுவும் வலது பக்கம் மட்டும் கொஞ்சம் சாஞ்சு. கடைசில உள்ள இருந்த ஒரு மடக்கு மேசைக் கால முட்டு குடுத்துதான் படுத்தோம், பொண்ணு மேல பெட்ல, எனக்கு ராத்திரி பூரா தூக்கமே இல்ல.

காலையில மூடுனா அடுத்த கூத்து. இடது கொக்கி டக்குன்னு மாட்டிக்கிச்சு, வலது பக்கம் ரெண்டு வெரல் அளவுக்கு இடைவெளி, கொக்கி எட்டவே இல்ல. மனைவி இழுக்க நான் வெளிய இருந்து அமுக்க ஒண்ணும் நடக்கல. சரின்னு ஒரு கயித்த ரெண்டு கதவு வழியா விட்டுக் கட்டி ஃபோர்ட் வில்லியம் வரைக்கும் உருட்டிக்கிட்டே போயி, அங்க பார்க்கிங்ல திரும்பத் தூக்கி துணிய கையால உள்ள தள்ளித் தள்ளி ஒரு வழியா மூடுனேன். இது ஸ்ட்ரட் பிரச்சனையா, கீல் வளைஞ்சுடுச்சா, இல்ல கூரையே கோணிடுச்சா? மொத்தக் கூரையும் மாத்தணும்னா ஆயிரக்கணக்குல பவுண்டு ஆகுங்கிறாங்க, வயித்தக் கலக்குது.

பிரிஸ்டல்காரன்:

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன் கோச்சுக்காதீங்க, ஒரு கொக்கி மாட்டாம ரோட்டுல போகவே கூடாது. முன்பக்கம் எழும்புற கூரைங்க அது, அம்பது மைல் வேகத்துல அந்த ரெண்டு வெரல் சந்துல காத்து பூந்தா கூரை பாய்மரம் மாதிரி தூக்கிக்கும், கீலோட பிச்சுக்கிட்டுப் போயி பின்னாடி வர்றவன் மேல விழும். தப்பிச்சீங்க.

இப்ப மூணு கேள்வி. ஸ்ட்ரட் உடம்புல ஒரு ஸ்டிக்கர் இல்லன்னா அச்சடிச்ச நம்பர் இருக்கும், நியூட்டன் கணக்குல, எவ்வளவு பலமா தள்ளுதுங்கிற அளவு, அது என்ன? கூரை மேல ஏதாவது ஃபிட் பண்ணிருக்கா? கேன்வாஸ சுத்தி நடுவுல எலாஸ்டிக் கயிறு ஓடுதா?

மழைவண்டி:

திட்டுனது சரிதான் அண்ணா, இனிமே பண்ண மாட்டேன். ஸ்ட்ரட்ல 400 என்-ன்னு இருக்கு, ரெண்டுலயும் அதேதான். கூரை மேல 100 வாட் சோலார் பேனல், அலுமினிய ஃப்ரேம் போட்ட கெட்டிப் பேனல், முன் ஓரத்துக்கிட்ட இருக்கு, பழைய ஓனர் வச்சது. எலாஸ்டிக்கா? அப்படி ஒண்ணு இருக்கணுமா?

வேன்_அக்கா:

இருக்கணும் தம்பி, உங்க ரெண்டாவது பிரச்சனைக்கு விடையே அதுதான்னு தோணுது. கேன்வாஸோட உள்பக்கம், உயரத்துல பாதியில, சின்னச் சின்ன வளையமோ இல்ல துணியிலயே தச்ச குழலோ இருக்கும், தடவிப் பாருங்க. அதுக்குள்ள வட்டமா ஒரு எலாஸ்டிக் ஓடும். கூரை எறங்கும்போது அது இடுப்புல கட்டுன கயிறு மாதிரி துணிய உள்பக்கமா இழுத்துப் புடிக்கும். அது அறுந்து போச்சுன்னா துணி வெளிப்பக்கமா தொப்பை போட்டு, கத்திரிக்கோல் மாதிரி மடங்குற அந்த இரும்புக் கைக்கு நடுவுல போயி மாட்டிக்கும். மடிப்பு மடிப்பா கேன்வாஸ் ஒரே எடத்துல சேந்தா ரெண்டு வெரல் இடைவெளி சாதாரணமா வந்துடும், நீங்க மேல ஏறி உக்காந்தாலும் கொக்கி மாட்டாது. கீலும் வளையல கூரையும் கோணல, கவலப்படாதீங்க.

வெளிச்சத்துல கூரையத் தூக்கி வலது பக்க மடிப்ப ஒருக்கா முழுசா விரிச்சுப் பாருங்க, கடிபட்ட அடையாளம் இருக்கும், கறுப்பு கிரீஸ் கோடு இல்லன்னா அரிசி அளவுக்கு ஓட்டை. ஓட்டை இருந்தா டென்ட் ஒட்டுத்துணி உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு ஒட்டிட்டா போதும்.

இன்னொண்ணு, மூடுற முறை. எங்க வீட்டுக்காரர் இன்னும் மறக்குறாரு, அதனால விலாவாரியா சொல்றேன். முதல்ல துணியில இருக்குற ஜன்னல் ஜிப்ப எல்லாம் மூடுங்க, ஆனா வண்டியோட சைடு கதவ திறந்தே வைங்க. எல்லாத்தையும் அடைச்சுட்டு இழுத்தா உள்ள மாட்டுன காத்துக்குப் போக வழியில்லாம துணிய வெளிய பிதுக்கும், பாதி கடி அதனாலதான். மேல பெட்ல இருக்குற தலகாணி, போர்வை எல்லாம் எறக்கிடுங்க. ஒரு தடவ எங்க பையன் கரடி பொம்மைய விட்டுட்டான், அன்னிக்கு நாங்க பட்ட பாடு! அப்புறம் கூரைய எறக்க உள்ள தொங்குற பட்டைய நடுவுல புடிச்சு இழுங்க, ஒரு ஓரமா இழுக்காதீங்க. ஒரு சாண் இடைவெளி இருக்கும்போது நிறுத்தி, வெளிய எறங்கி வண்டிய ஒரு சுத்து சுத்தி துணி எங்கயாவது நாக்கு நீட்டுதான்னு பாத்து உள்ள தள்ளிட்டு, அப்புறம்தான் முழுசா மூடணும். மழை கொட்டும்போது வெளிய எறங்க அலுப்பாத்தான் இருக்கும், ஆனா அந்த ஒரு சுத்த நான் விடறதே இல்ல.

கூரைமேல்_பூனை:

ஸ்ட்ரட் ரெண்டும் போயிருக்கும் ப்ரோ, 600 நியூட்டன் வாங்கி மாட்டுங்க, பேனலாவது ஒண்ணாவது, ராக்கெட் மாதிரி போகும். நான் அப்படித்தான் பண்ணேன்.

பிரிஸ்டல்காரன்:

பூனை தம்பி, உங்க கூரை எது என்ன வெயிட்டுன்னு தெரியாம அந்த நம்பர அவருக்குச் சொல்லாதீங்க. ஸ்ட்ரட்டோட பலம் கூரை வெயிட்டுக்கும் அது மாட்டுன கோணத்துக்கும் கணக்குப் பண்ணிப் போட்டது. ஒண்ணரை மடங்கு வச்சா தூக்குறது சுகமாத்தான் இருக்கும், மூடுறப்ப தெரியும் சங்கதி, அவரு மனைவியால தனியா இழுக்கவே முடியாது, மூடியிருக்கும்போதும் ஸ்ட்ரட் உந்துற கோணத்துல இருந்தா கொக்கி மேல எப்பவும் பாரம், ஃபைபர் ஓட்டுல போல்ட் போட்ட எடம் நாள்பட விரிசல் விடும்.

மழைவண்டி, உங்க கதையில மூணு விஷயம் சேந்துக்கிச்சு. ஒண்ணு குளிரு. உள்ள இருக்குறது அழுத்தி அடைச்ச நைட்ரஜன், குளிருல அழுத்தம் எறங்கும். 20 டிகிரிக்கும் 2 டிகிரிக்கும் நடுவுல சுமாரா நூத்துக்கு ஆறு பங்கு போயிடும், 400 இருந்தது 375 கிட்ட ஆயிடும். நல்ல ஸ்ட்ரட்டா இருந்தா இது பெரிய விஷயமே இல்ல, ஏற்கனவே விளிம்புல நிக்கிறதுக்கு இதுவே போதும். ரெண்டாவது அந்தப் பேனல். கெட்டி ஃப்ரேம் 100 வாட்னா ஏழெட்டு கிலோ இருக்கும், கீல் பின்னாடி இருக்கு பேனல் முன் ஓரத்துல இருக்கு, ஏணிய நிமுத்தும்போது நுனியில ஒருத்தன் தொங்குனா எப்படி இருக்கும், அதேதான். மூணாவது ஸ்ட்ரட்டோட வயசு. வலது பக்கம் சாயுதுன்னு சொன்னீங்கல்ல, அப்ப ரெண்டுல ஒண்ணு ரொம்ப மோசம்.

இத வீட்டுலயே டெஸ்ட் பண்ணலாம். கூரைக்குக் கீழ ரெண்டு பக்கமும் கட்டையால நல்லா முட்டுக் குடுத்து, ஒரு ஆள புடிச்சுக்கச் சொல்லிட்டு ஒரு ஸ்ட்ரட்ட மட்டும் கழட்டுங்க, ரெண்டையும் ஒரே நேரத்துல கழட்டவே கூடாது. முனையில பந்து மாதிரி மூட்டு இருக்கும், அது மேல சின்னக் கம்பி கிளிப், தட்டை ஸ்குரூட்ரைவரால லேசா நெம்புனா போதும், முழுசா வெளிய எடுத்துராதீங்க, தெறிச்சு புல்லுல விழுந்தா கிடைக்காது. அப்புறம் குளிக்கிற ரூம்ல எடை பாக்குற மெஷின் இருக்கும்ல, அத தரையில வச்சு மேல ஒரு பலகத் துண்டு போட்டு, ஸ்ட்ரட்டோட கம்பி கீழ பாத்து இருக்குற மாதிரி நிமுத்திப் புடிச்சு நேரா அமுக்குங்க. கம்பி உள்ள போக ஆரம்பிக்கிற நேரத்துல என்ன கிலோ காட்டுது? 400 நியூட்டன்னா 41 கிலோ கிட்ட வரணும். சாய்ச்சுப் புடிக்காதீங்க, வழுக்குனா முட்டி போயிடும்.

ஸ்ட்ரட்ட வெட்டுறது, ட்ரில் போடுறது, திரும்ப கேஸ் அடைக்கிறதுன்னு வீடியோ பாத்துட்டு எறங்காதீங்க.

டூட்டிங்_அண்ணை:

தம்பி, நான் கொஞ்சம் பிந்தித்தான் பாத்தனான். எல்லாரும் இரும்பைப் பத்திக் கதைக்கினம், துணியை மறந்து போச்சினம். நீங்கள் ஸ்கொட்லாண்டில இருந்து ஈரத்தோட மூடிக் கொண்டு வந்தனீங்களோ? வந்த பிறகு திறந்து காய விட்டனீங்களோ இல்லையோ? இல்லாட்டி உடன போய்த் திறவுங்கோ. என்ரை வான் முதல் வருசம் ரெண்டு கிழமை அப்பிடியே கிடந்தது, திறந்து பாத்தா மடிப்பு மடிப்பா மிளகு தூவின மாதிரி கறுப்புப் புள்ளி. மணம் எண்டா சொல்லி வேலையில்லை.

பூஞ்சணம் வந்திருந்தா பிளீச் போடாதேங்கோ, நூலையும் தின்னும், தண்ணி பிடிக்காமல் பூசின பூச்சையும் எடுத்துப் போடும். காஞ்ச பிரஷ்ஷால வெளியில வைச்சுத் தட்டிப்போட்டு வெள்ளை வினிகர் தண்ணி கலந்து துடைச்சு வடிவாக் காய விடுங்கோ. புள்ளி முழுக்கப் போகாது, மணம் போகும். பிறகு ஃபேப்சில் மாதிரி நீர் தடுக்கிற மருந்தொண்டு வெளிப்பக்கம், தையல் ஓரத்துக்கு ரெண்டு தரம் பூசுங்கோ. இப்ப நான் எந்த மழையில போய் வந்தாலும் அடுத்த நாளே வீட்டு வாசலில கூரையைத் தூக்கி ரெண்டு மூண்டு மணித்தியாலம் விடுவன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி வந்து ஆரும் உள்ளுக்கை இருக்கினமோ எண்டு கேட்டுப்போட்டுப் போகும்.

மழைவண்டி:

அண்ணை, நீங்க சொன்னதும் ஓடிப் போயி திறந்தேன், ஒரு மூலையில நாலு புள்ளி ஆரம்பிச்சிருக்கு, நல்ல வேளை. வினிகர் போட்டாச்சு.

இன்னொரு சந்தேகம், காலையில உள்பக்கம் கூரையில இருந்து சொட்டு சொட்டா விழுந்துச்சு. இது ஒழுகலா?

வேன்_அக்கா:

மூணு பேரு மூச்சு விட்டு ஜன்னல் அடைச்சுப் படுத்தா 2 டிகிரில ஃபைபர் ஓட்டுல வேர்க்கத்தான் செய்யும். ஒழுகலான்னு தெரியணும்னா மழையில்லாத குளிர் ராத்திரிலயும் சொட்டுதான்னு பாருங்க, சொட்டுனா அது உங்க மூச்சுதான். துணி ஜன்னல் ஒண்ண ரெண்டு இஞ்ச் திறந்து வச்சுப் படுங்க.

சுத்தி இருக்குற ரப்பர் சீலையும் ஒருக்கா ஈரத்துணியால துடைச்சு சிலிக்கான் ஸ்ப்ரே போடுங்க. வாஸ்லின், கதவுக் கீலுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம், ரப்பர் ஊதிப் போயிடும்.

காத்து அடிக்கிற எடத்துல நிறுத்துனா வண்டியோட பின்பக்கத்த காத்துக்குக் காட்டுங்க, உங்களுக்குக் கீல் அங்கதான், தாழ்ந்த பக்கம். ரொம்ப அடிச்சா மானம் பாக்காம எறக்கிட்டு எல்லாரும் கீழயே படுத்துடுங்க.

மழைவண்டி:

பத்து நாள் கழிச்சு எழுதுறேன், எல்லாருக்கும் கோடி நன்றி.

எடை மெஷின்ல இடது ஸ்ட்ரட் 38 கிலோ காட்டுச்சு. வலது வெறும் 24! கம்பியத் துடைச்சா விரல்ல எண்ணெய், நகத்தால தடவுனா ஒரு கீறல் தட்டுப்படுது, அது போகவர சீல அறுத்திருக்கு போல. அதே நீளம், அதே 400, அதே முனை பாத்து ஜோடியா ரெண்டு புதுசு வாங்கி மாத்திட்டேன், மச்சான் வந்து புடிச்சான், ஒரு மணி நேர வேலை. கிளிப் ஒண்ணு தெறிச்சு புல்லுல விழுந்துச்சு, நீங்க சொன்ன மாதிரியே கிடைக்கல, புதுசுல வந்தது இருந்ததால பொழச்சேன்.

எலாஸ்டிக் விஷயம் அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. வளையத்துல ஒரு முழம் அறுந்த கயிறு மக்கிப் போயி தொங்குச்சு, மிச்சம் எங்கயோ போச்சு. வலது பக்க மடிப்புல ரெண்டு கடி, ஒண்ணு ஓட்டையே ஆயிடுச்சு, ஒட்டுத்துணி போட்டாச்சு. மீட்டர் கணக்குல எலாஸ்டிக் வாங்கி பொண்ணு கைய விட்டே கோத்தோம், அவ கைதான் அந்த சந்துல போச்சு. இப்ப மூடும்போது துணி தானா உள்ள சுருண்டுக்குது, பாக்கவே அழகா இருக்கு, வலது கொக்கியும் டக்.

பேனலையும் கழட்டிட்டேன், வளையுற மாதிரி மெல்லிசுப் பேனல் பாத்துட்டு இருக்கேன். நேத்து காலையில 5 டிகிரில தூக்கிப் பாத்தேன், முதல் ஒரு சாண் மட்டும் நான் தள்ளுனேன், மிச்சத்த அதுவே பாத்துக்கிச்சு.

டூட்டிங்_அண்ணை:

சந்தோசம் தம்பி. அந்தக் கழட்டின சோலார் பலகையை என்ன செய்யப் போறீங்கள்? என்ரை கார்டன் ஷெட்டுக்கு ஒண்டு தேடிக்கொண்டிருக்கிறன்.

மழைவண்டி:

சும்மாவே எடுத்துக்கோங்க அண்ணை, ஞாயித்துக்கிழமை வீட்டுலதான் இருப்பேன். தனிச் செய்தி அனுப்புறேன்.