ஏடிபியும் அடினோசினும்: கினிப்பன்றி, நாய், மனிதர் ஆகியோரின் இதயங்களில் விளைவு ஏன் மாறுகிறது?

கேள்வி – உடலியல் மாணவி

வணக்கம். உடலியல் முதுகலை முதலாண்டு படிக்கிறேன். துறைக் கருத்தரங்கிற்காக ஏடிபி (செல்களுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு), அடினோசின் (அது பாஸ்பேட்டுகளை இழந்தால் கிடைப்பது) ஆகிய இரண்டு பொருள்களைப் பற்றிப் படித்துவருகையில் ஒரு முரண்பாட்டில் சிக்கிக்கொண்டேன். கினிப்பன்றியின் இதயத்தில் ஏடிபி துடிப்பைக் குறைப்பது, அது சிதைந்து அடினோசினாக மாறுவதால்தான் என்கிறார்கள். நாயிலோ அடினோசினைவிட ஏடிபியே துடிப்பை வலுவாகக் குறைக்கிறது. அட்ரோபின் (ஒருவகை நரம்புச் செய்தியைத் தடுக்கும் மருந்து) கொடுத்தால் அந்தக் கூடுதல் வலு பெருமளவு மறைந்துவிடுகிறது. சிதைந்து வரும் பொருள்தான் வேலை செய்கிறது என்றால், மூலப்பொருள் எப்படி அதைவிட வலுவாக இருக்க முடியும்? மனிதருக்கு இவற்றுள் எது பொருந்தும்? அடினோசின் துடிப்பைக் குறைக்கும் என்று ஒரு பக்கத்திலும், விழித்திருக்கும் மனிதருக்குச் சொட்டாக ஏற்றினால் துடிப்பு கூடும் என்று இன்னொரு பக்கத்திலும் படித்தேன். பெரியவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 – உடலியல் ஆசிரியர்

அம்மா, இரண்டு ஆய்வுகளும் சரியானவையே. இதயம் எந்த நிலையில் இருந்தது என்பதில்தான் வேறுபாடு. கினிப்பன்றியின் இதயத்தைத் தனியே எடுத்துக் கண்ணாடிக் குழாயில் தொங்கவிட்டு, கரைசல் செலுத்திச் செய்யும் ஆய்வில் மூளைக்கும் இதயத்திற்கும் தொடர்பே கிடையாது. அங்கே ஏடிபியை இரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள நொதிகள் படிப்படியாகப் பாஸ்பேட் நீக்கி அடினோசினாக்குகின்றன. அது இதயச் செல்லிலுள்ள ஏ1 ஏற்பியில் (பொருள் வந்து ஒட்டும் புரதம்) அமர்ந்து பொட்டாசியம் வாயில்களைத் திறக்க, துடிப்பைத் தொடங்கும் சைனஸ் கணு மந்தமாகிறது, துடிப்பை மேலறையிலிருந்து கீழறைக்கு அனுப்பும் ஏவி கணுவில் கடத்தல் தடைப்படுகிறது.

முழு உடலோடு இருக்கும் நாயில் இதனுடன் இன்னொரு வழியும் சேர்ந்துகொள்கிறது. இதயத்திலும் நுரையீரலிலும், அவற்றை மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பின் உணர்வு முனைகள் உண்டு. அவற்றிலுள்ள பி2எக்ஸ் ஏற்பிகளை ஏடிபி, சிதையாமல் ஏடிபியாகவே, தூண்டுகிறது. செய்தி மூளையின் அடிப்பகுதியான முகுளத்திற்குப் போய், அதே வேகஸ் வழியாகத் திரும்பி வந்து துடிப்பைக் குறைக்கிறது. அடினோசினுக்கு இந்த வழி திறப்பதில்லை. திரும்பி வரும் நரம்பு அசிட்டைல்கோலின் என்ற வேதித்தூதைச் சுரப்பதால்தான் அட்ரோபின் அதை அடைத்துவிடுகிறது. கழுத்தில் இருபுற வேகஸையும் வெட்டினாலும் இதே முடிவுதான்.

இந்தத் துறையின் தொடக்கமே கினிப்பன்றிதான். 1929-இல் கேம்பிரிட்ஜில் ட்ரூரியும் சென்ட்-ஜியார்ஜியும் இதயத் தசைச் சாற்றை அதன் இரத்தத்தில் செலுத்தியபோது இதயத் துடிப்பு தடுமாறியதைக் கண்டு, காரணப்பொருள் அடினைன் சேர்மம் என்று நிறுவினார்கள். ஏவி கணு அடினோசினுக்கு இவ்வளவு எளிதில் மசியும் விலங்கு அவர்கள் கையில் கிடைத்தது இத்துறையின் நல்வாய்ப்பு என்றே நான் கருதுகிறேன்.

மறுமொழி 2 – அவசரப் பிரிவு மருத்துவர்

மனிதரைப் பற்றி நான் சொல்கிறேன். மனிதரில் ஏடிபி காட்டும் விளைவில் பெரும்பங்கு, அது சிதைந்து தரும் அடினோசினுடையது. மேல்அறை சார்ந்த திடீர் மிகைத்துடிப்புக்கு ஐரோப்பாவில் நெடுங்காலம் ஏடிபியையே கொடுத்துவந்தார்கள். இன்று நாங்கள் கொடுப்பது அடினோசின், முதலில் 6 மில்லிகிராம், நிற்காவிட்டால் 12. இரத்தத்தில் அதன் அரைவாழ்வு பத்து வினாடிக்கும் குறைவு. சிவப்பணுக்களும் குழாயின் உட்சுவர்ச் செல்களும் அதை உடனே உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அதனால் முழங்கை மடிப்பில் பெரிய வென்ஃபிளான் (சிரையில் செருகும் ஊசிக்குழல்) போட்டு, மருந்தை ஒரே அழுத்தாக அழுத்தி, பின்னாலேயே 20 மில்லி சலைனைத் தள்ளி, கையை உயர்த்திப் பிடிக்கிறோம். திரையில் சில வினாடிகள் கோடு நேராக ஓடும். நோயாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "டாக்டர், என்னமோ பண்ணுது" என்பார். முகம் சிவந்து, மூச்சை இழுத்து விடுவார். அதற்குள் ஒழுங்கான துடிப்பு திரும்பியிருக்கும். இதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுவது மருந்தளவைப் போலவே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. காபியிலுள்ள கஃபீனும் ஆஸ்துமா மருந்தான தியோஃபிலினும் ஏற்பியை மறித்து மருந்தின் வலுவைக் குறைக்கும். டைபிரிடமோல் (இரத்தக்கட்டியைத் தடுக்கும் மருந்து) உட்கொள்பவருக்கோ, செல்கள் அடினோசினை உள்ளிழுப்பது தடைப்படுவதால், சிறிய அளவே பலமாக வேலை செய்யும். ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழல் சுருங்கும் ஆபத்து உண்டு.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். இதய இரத்த ஓட்டப் பரிசோதனைக்காக நிமிடத்திற்குக் கிலோவுக்கு 140 மைக்ரோகிராம் வீதம் ஏற்றும்போது, கழுத்துத் தமனியருகே உள்ள கரோட்டிட் வேதியுணரிகளை (இரத்தத்தின் ஆக்சிஜன் அளவை உணர்பவை) அடினோசின் தூண்டுவதால் மூச்சு கூடுகிறது, பரிவு நரம்புகள் விழித்துத் துடிப்பையும் கூட்டுகின்றன. மயக்க மருந்தில் இருப்பவருக்கு இந்த எதிர்வினை மங்கிவிடுவதால் இரத்த அழுத்தம் இறங்கினாலும் துடிப்பு அந்த அளவுக்கு ஏறுவதில்லை.

மறுமொழி 3 – உடலியல் மாணவி

மிக்க நன்றி ஐயா, நன்றி டாக்டர். என் அட்டவணையில் விலங்கின் பெயரை மட்டுமே எழுதியிருந்தேன். தனி இதயமா முழு உடலா, வேகஸ் இருந்ததா, மயக்கத்திலா விழிப்பிலா என்ற மூன்று பத்திகளை இன்றே சேர்க்கிறேன். இரத்தக்குழாய்களிலும் இப்படிப்பட்ட வேறுபாடு உண்டா?

மறுமொழி 4 – உடலியல் ஆசிரியர்

உண்டு. ஏடிபி குழாயின் உள்ளிருந்து வந்தால் உட்சுவரின் பி2ஒய் ஏற்பியைத் தொட்டு, நைட்ரிக் ஆக்சைடு வழியாகக் குழாயை விரிக்கிறது. பரிவு நரம்பு முனையிலிருந்து நார்அட்ரினலினோடு வெளிப்பட்டு வெளிப்புறமாகத் தசையைத் தொட்டால் பி2எக்ஸ்1 வழியாகச் சுருக்குகிறது. அடினோசின் இதயத் தமனிகளை ஏ2ஏ ஏற்பி வழியாக விரிக்கும். சிறுநீரக வடிகட்டிக்குள் இரத்தம் கொண்டுசெல்லும் நுண்தமனியையோ ஏ1 வழியாகச் சுருக்கும். எனவே ஏற்பிக்கும் ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள்.